மாட்டுப்பட்டியை வீடாக்குவதா, இடித்துவிட்டுக் கட்டுவதா?

அப்பா கடைசிப் பசுவை விற்ற பிறகு எங்கள் மாட்டுப்பட்டி ஆறு வருஷம் சும்மா கிடந்தது. இலங்கை மலையகத்தில் வெலிமடைக்கு மேலே, உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு நடுவில், கருங்கல் சுவரும் தகரக் கூரையுமாக 30 அடி நீளம், 20 அடி அகலம். டவுனில் வாடகைக்கு இருந்த எனக்கும் மனைவிக்கும் ஊருக்குப் போகும்போதெல்லாம் கண் அதில்தான் போகும். சுவர் நிற்கிறது, கூரை நிற்கிறது, பாதி வீடு இருக்கிறதே என்று தோன்றும். இன்று அதே சுவர்களுக்குள் பிள்ளைகளோடு இருக்கிறோம். ஆனால் பாதி வீடு இருக்கிறது என்ற அந்த நினைப்பு பிழை. இருந்தது கால்வாசிகூட இல்லை.

இப்போது பலர் என்னிடம் இதே விஷயத்தைக் கேட்கிறார்கள். ஒருவருக்கு மாட்டுப்பட்டி, ஒருவருக்கு மரக்கறி ஸ்டோர், இன்னொருவருக்குத் தாத்தா காலத்தில் தேயிலைக் கொழுந்து நிறுத்த மடுவம். எல்லாரும் "எவ்வளவு முடியும்?" என்றுதான் தொடங்குகிறார்கள். யார் கையால் கட்டப் போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. வழிகள் மூன்று: பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டு எல்லா வேலையையும் நாமே செய்வது, அதே கட்டடத்துக்கு ஒரு பாஸை (கொத்தனாரை) பிடித்து நாட்கூலிக்கு வேலை வாங்குவது, இடித்துவிட்டு, ஒப்பந்தம் பேசிக் கொந்தராத்துக்குப் புதிதாகக் கட்டுவது.

## தெரிவு செய்யுமுன் பார்க்க வேண்டியவை

கடதாசி. காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது? தேயிலைத் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனவை. தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் உங்கள் அப்பாவே கல் சுமந்து கட்டிய பட்டியானாலும், உறுதி இல்லையென்றால் நிலம் உங்களுடையதல்ல. எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு மூட்டை சீமெந்துகூட இறக்காதீர்கள். அரச அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். உறுதிக் காணியானாலும் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிமாரின் பங்கை முதலில் எழுதித் தீர்த்துக்கொள்ளுங்கள். கூரை போட்ட பிறகு வரும் பங்குப் பேச்சு குடும்பத்தையே உடைத்துவிடும். பட்டியை வீடாக்குவதும் பிரதேச சபையிடம் அனுமதி கேட்க வேண்டிய வேலைதான். சுவர் ஏற்கெனவே நிற்கிறது என்பதால் விட்டுவிட மாட்டார்கள்.

மேடும் தண்ணீரும். நம் பக்கத்துப் பட்டிகளும் ஸ்டோர்களும் மேட்டை வெட்டித் தட்டையாக்கி, வெட்டிய மண்ணில் முதுகைச் சாய்த்த மாதிரிக் கட்டப்பட்டவை. மாட்டுக்குக் காற்று படாது, அது போதும். பிள்ளைகள் படுக்கும் அறைக்குப் பின்னால் அந்த மண் இருக்கலாமா என்பதைத்தான் வேறெந்தக் கணக்குக்கும் முன் பார்க்க வேண்டும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மலையகத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. நுவரெலியா, பதுளை, கண்டி உட்பட மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படுகிறது. அதை வெறும் அலைச்சலாக நினைக்காதீர்கள். உங்கள் முழுத் திட்டத்திலும் மிகப் பெறுமதியான கடதாசி அதுதான். மேட்டில் நிலவெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், முன்பு இல்லாத இடத்தில் ஊற்று, கலங்கி வரும் பீலி (ஊற்றுக் குழாய்) தண்ணீர், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த இடத்தில் வீடு என்ற பேச்சையே நிறுத்திவிட்டு அந்த நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

எங்கள் முற்றத்தில் மழை அளக்க, நேரான பக்கமுள்ள பால்மா தகரம் ஒன்று எப்போதும் வெட்டவெளியில் இருக்கும். மழைக்குப் பிறகு அடிமட்டத்தை (ஸ்கேலை) உள்ளே விட்டு ஆழம் பார்ப்போம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குச் சொல்லும் அளவு இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 ஆனாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேறிவிட வேண்டும்.

கட்டடத்தின் உடம்பு. மழைக்கோட்டும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு ஒரு அடை மழை நாளில் உள்ளே போய் நில்லுங்கள். தூணின் அடி, கூரை வளை சுவரில் உட்காரும் இடம், ஒவ்வொன்றிலும் ஸ்குரூ டிரைவரை அழுத்துங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் மரம் போய்விட்டது. கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தை ஒரு நாணயக் குற்றியால் சுரண்டுங்கள். மண்ணாக உதிர்ந்தால் மண் சாந்து. வெள்ளையாக, சிரமப்பட்டு வந்தால் சுண்ணாம்புச் சாந்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பல லட்சம்.

காசு வரும் விதம். மொத்தமாகக் கையில் இருக்கிறதா, சம்பளத்திலும் சீட்டிலும் கிழங்கு விளைச்சலிலும் சிறுகச் சிறுக வருமா? தோட்டத்தில் பத்து வருஷத்துக்கு மேல் பெயர் பதிந்தவர்கள் ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதம் வரை வீட்டு வேலைக்கு முன்கூட்டியே எடுக்க வழியிருக்கிறது. நகையை அடகு வைக்குமுன் அதை விசாரியுங்கள்.

## முதல் வழி: பழைய கட்டடம், நம் கைகள்

நாங்கள் தொடங்கியது இப்படித்தான். சனி, ஞாயிறு, பாடசாலை விடுமுறை. ஏழு மாதம் என்று போட்ட கணக்கு பத்தொன்பது மாதமானது. மேலதிகப் பன்னிரண்டு மாத வாடகையை நான் எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. நம் கையால் கட்டும் வீட்டில் கூலி மிச்சமாகிறது என்பார்கள். வாடகை கொடுத்துக்கொண்டு கட்டுபவருக்கு அந்த மிச்சத்தில் பெரும் பகுதி வீட்டுக்காரரின் கைக்குப் போகிறது.

நிலத்தைச் சொல்கிறேன். பட்டித் தரையில் நாற்பது வருஷ மாட்டு மூத்திரம் ஊறியிருந்தது. மேலே கொங்கிறீட் போட்டு மூடிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: மழை நாளில் அந்த மாடுகள் எல்லாம் திரும்பி வந்த மாதிரி மணக்கும். ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்தோம். 600 சதுர அடிக்கு ஒரு அடி என்றால் 600 கன அடி, ஆறு கியூப் மண். இது மண்வெட்டியும் முதுகும் இருந்தால் போதுமான வேலை. கூலி கொடுக்கத் தேவையில்லை. அந்த மண் கிழங்குப் பாத்திக்குப் போனது, அது வீண் போகவில்லை. பிறகு கல் நிரப்பி இடித்து, ஆயிரம் கேஜ் பொலித்தீன் விரித்து, மூன்று அங்குலக் கொங்கிறீட்.

நூறு சதுர அடிக்கு, ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவையில், நாலரை மூட்டை சீமெந்து, 11 கன அடி மணல், 22 கன அடி சல்லி பிடிக்கும். எங்கள் 600 சதுர அடிக்குச் சேதாரத்தோடு 30 மூட்டை. லொறி றோட்டில் நின்றுவிடும். அங்கிருந்து பட்டிக்கு 140 படி. முப்பது மூட்டை என்பது தோளில் ஒன்றரைத் தொன். மணலும் சல்லியும் அதற்கு மேல். மலைநாட்டில் சாமான் விலையோடு சுமை கூலியைச் சேர்க்காத எந்தக் கணக்கும் கணக்கல்ல.

பெரிய இழப்பு சுவரில் நடந்தது. ஓகஸ்ட் வெயிலில் கல் சுவரின் உள்பக்கம் முழுவதும் சீமெந்துச் சாந்து பூசினோம். கரடுமுரடான கல்லுக்கு இரட்டிப்பாகச் சாந்து பிடிக்கும். பதினொரு மூட்டை போனது. மார்கழி மழை முடியும்போது தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உப்பிவிட்டது. விரலால் தட்டினால் வெற்றுப் பெட்டி மாதிரிச் சத்தம். மேலே வெள்ளையாக, தொட்டால் மா மாதிரி ஒட்டும் உப்பு. அந்தக் காலத்துக் கல் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் கல்லுக்கு நடுவில் ஏறி, சாந்து வழியாகக் காற்றில் உலர்ந்துகொண்டிருந்தது. நாம் சீமெந்தால் அந்த வாயை அடைத்துவிட்டோம். மாட்டு மூத்திரத்தின் உப்பும் சேர்ந்ததால் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. முழுவதையும் உளியால் கொத்தி எடுத்து, உப்பை உலர்ந்த தும்புக்கட்டையால் தட்டி வெளியே கொட்டி, வெளிப்பக்கத்து வடிகாலான கானைத் தரை மட்டத்துக்கு ஒரு அடி கீழே வெட்டி இறக்கி, பிறகுதான் சுண்ணாம்புச் சாந்து மெல்லிசாக மூன்று முறை பூசினோம். சுண்ணாம்பு அவசரப்படாது. பனிமூட்ட நாட்களில் ஒரு பூச்சு காய இரண்டு வாரம்கூட எடுக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் எரித்துவிடும்.

இவை நம் கையால் செய்யக்கூடியவை. செய்யக் கூடாதவையும் இருக்கின்றன. கல் சுவரில் ஜன்னலுக்கு ஓட்டை போடுவது, ஆளுயரத்துக்கு மேல் தாங்கு சுவர் கட்டுவது, மின்சார வேலை. வயரிங்கை உரிமம் பெற்றவரே செய்து சோதனை அறிக்கை தர வேண்டும். ஈரச் சுவர் வீட்டில், மின்கசிவில் தானே அணையும் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் ஒரு நாளும் இருக்காதீர்கள். கூரை அஸ்பெஸ்டஸ் சீட்டானால் அதை உடைக்கவோ வாளால் அறுக்கவோ உலர்ந்தபடி கூட்டவோ வேண்டாம். தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது.

பக்கத்திலேயே வாடகையில்லாமல் இருக்க இடமுள்ளவர்கள், சுவர் சுண்ணாம்புச் சாந்தில் நிமிர்ந்து நிற்பவர்கள், பின்னால் மேடு இல்லாதவர்கள், மாதா மாதம்தான் காசு வரும் என்பவர்கள், இவர்களுக்கு இந்த வழி நல்லது. நாலும் பொருந்தினால் தயங்காதீர்கள்.

## இரண்டாம் வழி: பழைய கட்டடம், பாஸுக்கு நாட்கூலி

எட்டாம் மாதத்தில் நாங்கள் இதற்கு மாறினோம். சாமான் நம்முடையது, பாஸுக்கும் உதவியாளுக்கும் நாளுக்கு இவ்வளவு, இரண்டு நேரத் தேத்தண்ணியும் பகல் சாப்பாடும்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு காத்திருப்பு. மணல் லொறி வராத நாளிலும் பாஸ் வந்துவிடுவார், கூலி கொடுத்தாக வேண்டும். ஆகவே ஒரு வாரத்துக்கான சாமான் முழுவதும் முற்றத்தில் இறங்கிய பிறகுதான் ஆளைக் கூப்பிட வேண்டும். தீபாவளி, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு என்று ஒவ்வொன்றிலும் பத்து நாள் போகும்; முன்பணம் வாங்கியவர் திரும்பி வர இன்னும் பத்து நாள்.

ஆளைத் தெரிவு செய்வதில் கவனம் வையுங்கள். இன்றைய பாஸ்மார் பெரும்பாலும் சீமெந்துக் கல்லில் கை பழகியவர்கள். கருங்கல் கட்டுத் தெரிந்தவர் வேறு ஆள். எங்களுக்கு அமைந்தவர் தோட்டத்தில் முப்பது வருஷம் கான் வெட்டி, கல்லுக்கட்டுப் போட்ட பெரியவர். வந்த முதல் நாள் சுவரைப் பார்க்கவேயில்லை. மேட்டில் ஏறிப் போய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு இறங்கினார். "தம்பி, மேல ஒரு கான் வெட்டித் தண்ணியக் குறுக்கால திருப்பிடுங்க. அதுக்குப் பொறகு வீடு தானா காயும்" என்றார். இரண்டு நாள் கூலியில் முடிந்த அந்தக் கான், நாங்கள் செலவழித்ததிலேயே அதிகப் பலன் தந்த காசு.

பாஸ் கையில் விட வேண்டிய இன்னொன்று, சுவரின் தலையில் சுற்றிவரப் போடும் கொங்கிறீட் பீம். பட்டிச் சுவர் தகரத்தைத் தாங்கிப் பழகியது. ஒவ்வொரு கல்லும் தன் பாட்டில் நிற்கும். நாலு கம்பி போட்ட பீம் ஒன்று எல்லாக் கல்லையும் சேர்த்துப் பிடிக்காவிட்டால், புதுக் கூரையின் பாரத்தில் மூலை விரியும்.

கூரைத் தகரமும் இரவில் வியர்க்கும். வெளியே குளிர், உள்ளே அடுப்புச் சூடும் மூச்சும். விடியும்போது மெத்தையில் சொட்டுச் சொட்டாக விழும். தகரத்துக்குக் கீழே பொயில் (அலுமினியத் தாள்) விரித்து, அதற்கும் கீழே சீலிங் அடித்தால்தான் நிற்கும். வளைக்கு டர்பன்டைன் மரம் எடுத்தோம். சவுக்கு (கிரெவிலியா) மலிவு, ஆனால் ஈரத்தில் நிற்காது. சீலிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கூரை பிரிக்கும் மாதத்தைப் பாஸிடம் விடாமல் நீங்களே குறியுங்கள். ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தை முதல் பங்குனி வரை. வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஆனி முதல் ஆவணி வரை. ஐப்பசியில் எந்தப் பக்கமும் வேண்டாம்.

## மூன்றாம் வழி: இடித்துவிட்டுக் கொந்தராத்து

பழைய கட்டடத்தின் மேல் பாசம் உள்ள எனக்கு இதை எழுதுவது எளிதில்லை. ஆனாலும் பலருக்கு இதுதான் சரியான வழி. முக்கியமான காரணம் ஒன்று: புது வீட்டை மேட்டை விட்டுத் தள்ளிக் கட்டலாம். பழைய பட்டியை நகர்த்த முடியாது. கொஞ்சம் தாராளமாக நிலம் இருப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று கொந்தராத்துக்காரர் சொல்லும் தொகை முழு வீடு மாதிரித்தான் காதில் விழும். அதற்கு வெளியே நிற்பவை: இடிப்பு, சுமை கூலி, தாங்கு சுவர், மலசலகூடக் குழி, தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, உண்டா இல்லையா என்று எழுதி வாங்குங்கள். சரிவான நிலத்தில் மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்தும் பீலியிலிருந்தும் நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். வீட்டுக்கு மேல்பக்கம் வைத்தால் அந்தத் தண்ணீரே மண்ணை இளக்கும். கொடுப்பனவைப் படிப்படியாகப் பிரித்து, கடைசிப் பங்கை ஒரு மழைக்காலம் முடியும் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண் சாந்துச் சுவர், இறங்கிவிட்ட கூரை, உரமும் பூச்சி மருந்தும் வருஷக் கணக்கில் அடுக்கிய ஸ்டோர், பின்னால் வெடித்த மேடு (அதில், அறிக்கை சரியென்றால் மட்டும் தள்ளி): இவற்றில் எது இருந்தாலும் இந்த வழிதான். பூச்சி மருந்து ஊறிய தரையில் குழந்தை தவழக் கூடாது. வங்கிக் கடன் எடுப்பவர்களுக்கும் உறுதியும் அனுமதி பெற்ற பிளானும் உள்ள புது வீடே இலகு.

| | நம் கையால் | பாஸ், நாட்கூலி | இடித்து, கொந்தராத்து |
|---|---|---|---|
| காசு | சிறுகச் சிறுக | வாரா வாரம் | பெரிய தொகை, சில தவணை |
| காலம் | நினைத்ததில் இரு மடங்குக்கு மேல் | ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் | நாலு முதல் ஆறு மாதம் |
| ஒளிந்த செலவு | வாடகை, திருத்த வேலை | காத்திருப்புக் கூலி | சதுர அடிக் கணக்குக்கு வெளியே நிற்பவை |
| பின்னால் மேடு | வேண்டாம் | அறிக்கை சரியென்றால் மட்டும் | தள்ளிக் கட்டலாம் |
| ஏற்ற சுவர் | சுண்ணாம்புச் சாந்து, நிமிர்ந்தது | அதேதான், சிறு சேதமானாலும் | மண் சாந்து, நஞ்சு ஊறியது |

காலக் கணக்கு எங்கள் ஊரில் நான் பார்த்த வீடுகளை வைத்துச் சொல்வது.

## ரூபாயில் எழுதாதீர்கள்

எந்த வழியானாலும் கணக்குக் கொப்பியில் முதலில் மூட்டை, கியூப், தகரத்தின் அடி, ஆள் நாள் என்று அளவை எழுதுங்கள். விலையைப் பென்சிலால் பக்கத்தில் எழுதி, திகதி போடுங்கள். 2021இல் ஆயிரம் ரூபாயை ஒட்டி வாங்கிய சீமெந்து மூட்டை 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியது. ரூபாயில் மட்டும் எழுதி வைத்தவர்களின் கொப்பி அந்த வருஷத்தோடு பயனற்றுப் போனது. அளவு எழுதியவர்கள் எதை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது என்று ஒரே மாலையில் முடிவெடுத்தார்கள்.

விலை ஏறும் என்ற பயத்தில் சீமெந்தைச் சேர்த்து வைக்காதீர்கள். நம் பனிக்கு மூன்று மாதத்தில் கட்டி பிடிக்கும். தகரம், கம்பி, சீமெந்துக் கல் ஆகியவற்றைச் சேர்க்கலாம். பழைய கட்டடத்துக்கு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்குங்கள். புதுக் கட்டடத்துக்கு அதில் பாதி போதும். செலவு வரிசையில் கானும் கூரையும் முன்னால், டைல்ஸும் அலுமாரியும் கடைசியில். குசினியில் சும்மா சீமெந்துத் தரையோடு இரண்டு வருஷம் இருக்கலாம். ஒழுகும் கூரைக்குக் கீழே இரண்டு வாரம் இருக்க முடியாது.

போன வருஷம் ராகலைப் பக்கத்திலிருந்து என் மைத்துனர் கூப்பிட்டார். மரக்கறி ஸ்டோர், நல்ல கருங்கல், நாமே செய்யலாம் என்று ஆசையோடு இருந்தார். போய்ச் சுரண்டிப் பார்த்தேன், மண் சாந்து. மேட்டில் ஏறினோம். தேயிலைக்கு நடுவில் கை நுழையும் அளவுக்கு நீளமாக ஒரு வெடிப்பு. மச்சான், இது வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. அறிக்கைக்கு எழுதிப் போட்டார். வந்து பார்த்தவர்களும் மேட்டடியில் கட்ட வேண்டாம் என்றார்கள். இப்போது காணியின் முன்பக்கம், றோட்டை ஒட்டி, இரண்டு காம்பரா (அறை), குசினி, சின்ன இஸ்தோப்போடு (முன் திண்ணையோடு) கொந்தராத்து வீடு எழும்பியிருக்கிறது. ஸ்டோரின் கருங்கல்லை அவரே ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்து அடுக்கினார். முற்றத்து ஓரத்துத் தாங்கு சுவர் முழுக்க அந்தக் கல்தான். கார்த்திகை மழையில் அதில் விட்ட குழாய் ஓட்டைகள் எல்லாவற்றிலுமிருந்து தண்ணீர் தெளிவாக வந்து கானில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.